அக்காவின் விரால் குஞ்சுகளுக்கு என்ன நேர்ந்தது

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு சூளையில் கல் அறுத்தவர்களுக்கும், குளத்துக்காரர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் படுத்தறியாத மனுஷி, நாற்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில் கரையில் உட்கார்ந்தார், போய்விட்டார். இதை எப்படி நம்புவது?

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமாதான் என்னை எழுதச் சொன்னார். "நீதான மாப்ளே கடைசியாப் பக்கத்துல இருந்தே" என்றார். இருந்தேன். அதனால்தான் அச்சகத்துக்காரர் மூன்று முறை ஆள் அனுப்பியும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அக்கா பிறந்தது ஆனைமலைப் பக்கம், வாய்க்கால் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் அந்த வயல்களில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அக்கா ஐந்தாவது படிக்கும்போது நான் பிறந்தேன். என்னைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று அத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். "என்னாலதானுங்கக்கா உங்க படிப்பு போச்சு" என்று நான் சொல்லும்போதெல்லாம், "ஆமா, இல்லாட்டி இன்னேரம் கலெக்டர் ஆயிருப்பேன், போ கண்ணு" என்று சிரிப்பார்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் செங்கல் சூளை ஒன்றில் மாமா வேலை செய்தார். அக்கா கல்யாணமாகி வந்ததும் அதே சூளையில்தான் கல் அறுத்தார். ஒரு மகளைப் பெற்று நர்சிங் படிக்க அனுப்பினார். எனக்குப் பம்பு கம்பெனியில் வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டார். நான் முன்கோபக்காரன். ஷிப்டு முடிந்து வந்து தட்டை நகர்த்திவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு. அக்கா ஒரு வார்த்தை திட்டியதில்லை.

மீன் வளர்க்கிற யோசனை குளம் வறண்ட பிறகு வந்தது. இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் எங்கள் ஊர்ப் பெரிய குளம் வெடித்துக் கிடந்தது. சேற்றில் புதைந்திருந்த கடைசி விராலையும் கையால் தோண்டித் தின்றுவிட்டோம். தின்றவர்களில் நானும் ஒருவன். பிறகு குளம் நிறைந்தபோது ஜிலேபிக் கெண்டைதான் பெருகியது. விரால் ஒன்றுகூட இல்லை. சூளைக்கு மண் எடுத்த குழிகள் மூன்று, மழைத்தண்ணீர் நின்று சும்மா கிடந்தன. அக்கா போய்ச் சூளை முதலாளியிடம் கேட்டார். "ஆருக்கும் ஆகாத குழிதானுங்க, வெச்சுக்கோங்க" என்று அவரும் கொடுத்துவிட்டார்.

விரால் குஞ்சு பொரித்த புதிதில் செக்கச்செவேல் என்று ஒரே திரளாகத் தண்ணீர் மேலே மிதக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். மழைக்காலத்தில் அக்கா ஆனைமலைப் பக்கத்து வாய்க்கால்களில் இறங்கி, பழைய புடவையால் பாதித் திரளை மட்டும் அள்ளுவார். மீதியைப் பெற்றவற்றுக்கே விட்டுவிடுவார். ஒரு தடவை காவல் மீன் பாய்ந்து அவர் விரலைக் கடித்துவிட்டது. "பெத்தவன்னா இப்படியல்லோ இருக்கோணும்" என்று மெச்சிக்கொண்டே ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் நானும் கூட இருந்தேன். நடத்துநர், "ஏனுங்க, லக்கேஜ் போடோணுமுங்க" என்றார். "மடியில வெச்சிருக்கற கொழந்தைக்கெல்லாம் சீட்டுக் குடுப்பீங்களா?" என்று அக்கா துணியை விலக்கிக் காட்டினார். அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன கொழந்தைங்க அம்மணி!" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

குழியில் வளர்ப்பது சிரித்துக்கொண்டு செய்கிற வேலையாக இல்லை. முதல் வருஷம் அவசரப்பட்டுப் பொடிக் குஞ்சுகளையே குளத்தில் விட்டோம். மற்ற மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரியவர், "நீங்க மீன் உடலீங்க, மீனுக்குத் தீனி உட்டுப்போட்டீங்க" என்றார். அடுத்த வருஷம் எங்கள் அம்மா இறந்து, ஆனைமலையில் பத்து நாள் தங்கும்படி ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தால் குழியில் கொழுத்த குஞ்சுகள் நாலைந்துதான் கிடந்தன. கூடப் பிறந்ததையே தின்கிற சாதி விரால். வாரத்துக்கு ஒரு முறை வலை இழுத்துப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து வெவ்வேறு குழியில் விட வேண்டும். மூன்றாவது வருஷம் அக்கா ஒரு வாரம்கூடத் தவறவில்லை. குஞ்சுகள் என் நடுவிரலைவிட நீளமாக வளர்ந்தன. குத்தகைக்காரரே வந்து பார்த்து, "இது பொழச்சுக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழக் குளத்தில் விடுவதாக ஏற்பாடு. அக்கா, மாமா, நான் மூவரும் காலையிலிருந்தே வலை இழுத்தோம். பெரிய குஞ்சுகளை மூன்று அண்டாக்களில் கால் பங்கு தண்ணீரில் விட்டு, அவை துள்ளி வெளியே விழாமல் அக்காவே வலைத்துணி கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்குது கண்ணு" என்று குழிக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். மாமா டாக்சிக்குப் போன் செய்யப் பூத்துக்கு ஓடினார்.

நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

அண்டாக்கள் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் இந்தக் கொஞ்சத் தண்ணீர் கொதித்துப்போகுமே என்று நினைத்தேன். வலைத்துணியைக் கழற்றிவிட்டு, குழியிலிருந்து வாளி வாளியாக மொண்டு மூன்று அண்டாவையும் விளிம்பு வரை நிரப்பினேன். மூடி போட்டு, மேலே செங்கல்லும் வைத்தேன். அப்போது அக்கா கையைத் தூக்கி அசைத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று ஓடிப்போய் வாயில் ஊற்றினேன். அது கன்னத்தில் வழிந்துபோயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்த பிறகுதான் யாருக்கோ அண்டா ஞாபகம் வந்தது. மூன்றிலும் ஒரு குஞ்சுகூட உயிரோடு இல்லை. "பாத்தீங்களா, அவங்கம்மா போனதும் இதுகளும் கூடவே போயிருச்சு" என்று ஒரு அத்தை அழுதார். கூடியிருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். அந்தப் பேச்சு ஆனைமலை வரைக்கும் போய், என்னிடமே வேறு வேறு வாய் வழியாகத் திரும்பி வந்தது. இந்த மலரில் அதை உருக்கமாக எழுதும்படி நான்கு பேர் சொன்னீர்கள்.

சொந்தங்களே, குஞ்சுகள் துக்கத்தில் சாகவில்லை. நான் கொன்றேன். விரால் மேலே வந்து வாய் திறந்து காற்றைக் குடிக்கிற மீன். விளிம்பு வரை தண்ணீரை நிரப்பி மூடினால் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். அக்கா கால் பங்குக்கு மேல் ஊற்றாததன் காரணமே அதுதான். எனக்கு இது தெரியாதா? மூன்று வருஷம் கூட நின்று பார்த்தவன். அன்றைக்கு என் புத்தியில் ஒன்றுமே இல்லை. அக்கா கை தூக்கியது தாகத்துக்கு அல்ல, என்னைத் தடுப்பதற்காக இருக்கலாம் என்று அடக்கம் முடிந்த மறுநாள்தான் எனக்கு உறைத்தது.

இதை எழுதி முடித்து முதலில் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் தாளை வாங்கி மடித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ளே. மூடியத் தொறந்தவன் நாந்தான?"

"அப்பறம் ஏனுங்க மாமா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நீயும் நானும் ரெண்டு பேருமே அன்னைக்குச் செத்துத்தான கெடந்தோம். ஊர்ல சொன்னதும் கேக்க நல்லாத்தான் இருந்துது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எழுதறதுன்னா உள்ளதையே எழுதிப்போடு. இப்பக் குளத்துக்காரங்களே குஞ்சு வளக்கறாங்க. துக்கத்துல செத்துதுன்னு படிச்சா அழுவாங்க. எப்படிச் செத்துதுன்னு படிச்சா அடுத்த தடவ சாவாது."

நடுத்தரக் குழியில் மிஞ்சியவற்றை மாமா வாராவாரம் தனியாகவே பிரித்து வளர்த்து, இரண்டு மாதம் கழித்துக் குளத்தில் விட்டார். எண்ணிக்கை கொஞ்சம்தான். இந்த மழைக்குக் குளத்தின் வடகரையில் சிவப்புத் திரள் ஒன்றைக் கண்டதாகக் குத்தகைக்காரர் டிவிஎஸ்ஸில் வந்து சொன்னார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

அன்று வாடகை வேண்டாமென்று மறுத்த டாக்சி டிரைவருக்கும், குழி கொடுத்த முதலாளிக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைத்த சூளைத் தோழியருக்கும், பரீட்சையை விட்டு ஓடிவந்த மகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஆசிரியைகளுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இதைப் படித்த பிறகும் என்னை வீட்டுக்குள் சேர்க்கப்போகிறவர்களுக்கும் நன்றி.

விரால் குஞ்சு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்திரத்தில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். எவ்வளவு வெயில் அடித்தாலும், வீட்டில் என்ன நடந்தாலும், மூடி போடாதீர்கள்.