இனி பழைய கிழங்குதான் கேட்டு வாங்குவேன்!

மூன்று வாரமாக என் உருளைக்கிழங்கு ரோஸ்ட் சொதசொதவென்றே வந்தது. "அம்மா, இதுக்குப் பேரு மசியல்" என்றாள் மகள்.

இன்று கொடைக்கானல் சந்தையில், வழக்கம்போல் ஈரமண் ஒட்டிய புதுக்கிழங்காகப் பொறுக்கினேன். கடைக்கார பாய் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"என்ன செய்யப்போறீங்கக்கா?"

"ரோஸ்ட் பாய். மொறுமொறுன்னு வரணும்."

"அப்பப் புதுசு வேணாங்க. நேத்துத் தோண்டுனது, உள்ள பூராம் தண்ணியாக் கெடக்கு. அந்த மூலைச் சாக்குல பழசு இருக்கு, அதை எடுங்க."

அரைமனதாக வாங்கிவந்து, அரைவேக்காடாக அவித்து, இரும்புச் சட்டியில் புரட்டினேன்.

மகள் கடித்த சத்தம் வாசல்வரை கேட்டது! எனக்கு இரண்டே துண்டுதான் மிச்சம்!

ஊருக்கெல்லாம் ஃப்ரெஷ் காய் அனுப்பும் மலையில் இருந்துகொண்டு, இனி "பழசு இருக்கா பாய்?" என்றுதான் கேட்கப்போகிறேன். துணைக்கு யார் வருகிறீர்கள்?