நிலைக்காத நீல விளக்கு

1. திங்கட்கிழமை பிற்பகல் இடி இடித்தது. வீட்டில் அப்பா மட்டும் இருந்தார்.
2. மாலை ஆறரைக்கு நான் வேலையிலிருந்து வந்தபோது, தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும், கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டியின் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அது நிலையாக எரியும்.
3. அணைத்துப் போட்டேன். மினுக்கியது. சில விநாடிகளுக்கு ஒருமுறை உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு மறுபடி முதலிலிருந்து.
4. அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். பன்னிரண்டு வோல்ட். சரி என்று குறித்துக்கொண்டேன்.
5. செவ்வாய்: இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் வெளியே எடுத்துவிட்டுப் போட்டேன். விளக்கு நிலையாக எரிந்தது.
6. புதன்: ஒரு டிஸ்க்கை மட்டும் செருகினேன். மினுக்கியது. அதை எடுத்துவிட்டு மற்றதைச் செருகினேன். அதற்கும் மினுக்கியது.
7. வியாழன்: 'இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன' என்று எழுதினேன்.

இந்த ஏழில் ஒரு வரியை நம்பியிருக்கக் கூடாது. எது என்று தெரியச் சனிக்கிழமை வரை ஆனது.

பெட்டி பெரியதில்லை. ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவு. உள்ளே இரண்டு டிஸ்க்குகள்; ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும் என்ற தைரியத்தில் வாங்கியது. அதில் எங்கள் புகைப்படங்கள், என் வரிக் கடிதங்கள், அம்மா பார்த்து முடித்தும் அழிக்க விடாத நாடகங்கள் எல்லாம் இருந்தன. அவை போனால் போகட்டும் என்று என்னால் சொல்ல முடியும். ஒரு கோப்புறையை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அதில் அப்பாவின் குரல் இருந்தது.

அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்து ஓட்டியவர். போன வருடம் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒருவருடைய பழைய பதிவுகளை வைத்து அவர் குரலிலேயே பேசும் செயலி இருப்பதைப் படித்தேன். உடனே ஒரு பட்டியல் தயாரித்தேன். தினமும் இருபது வாக்கியம், தெளிவான உச்சரிப்பு, இடையில் இரண்டு விநாடி இடைவெளி.

முதல் நாளே அப்பா பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். "என்னம்மா இது, ரேடியோ செய்தி மாதிரி இருக்கு. நான் எப்ப இப்படிப் பேசுனேன்?"

அதன் பிறகு அவர் இஷ்டப்படிதான் பேசினார். கேட் பூட்டியாச்சா. கோப்பி ஓ, பால் இல்லாம, சீனி கொறச்சு. சிக்னல் போடாம எங்கடா திரும்புற. கடைசி வாக்கியம் வேண்டாம் என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னதால் அதை இரண்டு முறை பதிவு செய்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கோப்புகள்.

கைப்பேசியில் இடம் போதாமல் பதிவுகளை அங்கிருந்து அழித்தேன். வேலையில் பிரிவு மாறியபோது, அவற்றின் பிரதி இருந்த பழைய மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு பிரதி இருப்பதாகக் கணக்கு வைத்திருந்தேன். வேலையிடத்தில் வேறு யாராவது இப்படிச் சொன்னால், ஒரே பெட்டி என்றால் ஒரே பிரதிதான் என்று நானே திருத்துவேன்.

அடுத்த மாதம் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். பதிவுகளைக் கொண்டு வாருங்கள், செயலியை முயன்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அதைப் பற்றி எதுவும் எழுதிக் காட்டவில்லை. ஆனால் அலமாரியில் கிடந்த பழைய டேப்லெட்டைத் துடைத்து, தினமும் சார்ஜ் போட்டு வைத்தார்.

எழுதிக் காட்டுவது என்றேன். ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் எப்போதும் அவர் கையில் இருக்கும். அவர் எதையும் சுருக்கி எழுத மாட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைப்பார். அதற்கு நேரமாகும். நாங்கள் காத்திருக்க மாட்டோம். முதல் இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துப் பதில் சொல்லிவிடுவோம். இதில் அம்மா என்னைவிட வேகம். அவர் சிரமப்படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

வியாழன் மாலை, டிஸ்க்குகள் போய்விட்டதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா பள்ளி கெண்டினில் வேலை முடித்து, நனைந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பாக்குத் தெரியுமா?"

"இல்லம்மா."

"இப்ப சொல்லாத. அந்த டேப்லெட்ட வேற தொடச்சுத் தொடச்சு வைக்கிறாரு."

வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே வேலையிலிருந்து கிளம்பி, கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் போனேன். வேறு பிரதி இருக்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. டிஸ்க்குகளைக் கோலாலம்பூருக்கு அனுப்பித் திறந்து பார்க்க வேண்டும், சில வாரம் ஆகும், உறுதி எதுவும் கொடுக்க முடியாது என்றார். மறுநாள் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. உடம்பு கனமாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வந்து அந்த விளக்கைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை டிஸ்க்குகளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அறையிலிருந்து வந்தார். பலகையை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்திருந்தார். என் எதிரில் நின்று எழுதவில்லை. முழுவதையும் உள்ளேயே எழுதி முடித்துவிட்டுக் கொண்டு வந்திருந்தார். திருப்பிக் காட்டினார்.

'திங்கட்கிழமை இடி இடித்தது. எல்லா பிளக்கையும் கழற்றினேன். மழை விட்டதும் திரும்ப மாட்டினேன். வைஃபை அடாப்டரும் இதன் அடாப்டரும் ஒரே மாதிரி கறுப்பு. மாற்றி மாட்டியிருப்பேன். மூன்று முறை எழுத வந்தேன்.'

மூன்று முறையும் எனக்கு நினைவு வந்தது. திங்களன்று 'எல்லா பிளக்கையும்' வரை எழுதினார். ஆஃப் பண்ணது நல்லதுதான்பா என்றேன். செவ்வாயன்று 'வைஃபை' என்று தொடங்கினார். வைஃபை ஓகேப்பா என்றேன். புதனன்று 'அடாப்டர்' என்று எழுதும்போதே, அளந்து பார்த்துவிட்டேன் என்று சொல்லி அறைக்குள் போனேன்.

குனிந்து பார்த்தேன். இரண்டும் கறுப்பு, முனை இரண்டிலும் ஒரே வட்டம், இரண்டும் பன்னிரண்டு வோல்ட். வைஃபை பெட்டியில் மாட்டியிருந்தது ஐந்து ஆம்பியர் கொடுக்கக் கூடியது. என் பெட்டிக்கு வந்திருந்தது ஒன்றரை ஆம்பியர். வைஃபைக்குத் தேவை குறைவு, எதில் மாட்டினாலும் ஓடும். டிஸ்க் இல்லாத பெட்டிக்கும் ஒன்றரை போதும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் போதாது. பெட்டி அணைந்து மறுபடி எழும். மின்சுற்றுப் பலகைகளை மின்சுமை ஏற்றிச் சோதிப்பதுதான் தொழிற்சாலையில் என் வேலை. சுமை இல்லாமல் அளந்த அளவை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். வீட்டில் நான் வெறும் முனையில் அளந்து, சரி என்று எழுதியிருந்தேன்.

அடாப்டர்களை மாற்றினேன். டிஸ்க்குகளைத் திரும்பச் செருகினேன். விளக்கு மினுக்கியது. அப்பா சோபாவில் உட்காராமல் அதன் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். மூன்று நிமிடம் கழித்து விளக்கு நிலைத்தது.

என்ன ஆச்சு என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். அப்பா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இடையில் சுவர் இருந்தது. ஓடுதும்மா என்று நான் சொன்னேன்.

பிறகு அவர் பலகையை அழித்துவிட்டு எழுதத் தொடங்கினார். இந்த முறை முற்றுப்புள்ளி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

'இதுக்கா உனக்குக் கம்பெனியில சம்பளம் குடுக்கறாங்க.'

"சாரிப்பா," என்றேன். அவர் பலகையை அழித்தார்.

இப்போதைய நிலை இது. இருநூற்றுப் பதினான்கு கோப்புகளும் திறக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதல் சில விநாடிகளை இயர்போனில் கேட்டுச் சரிபார்த்தேன். அப்பா இன்னும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. ஒரு பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, இன்னொன்று புக்கிட் தெங்காவில் அண்ணன் வீட்டில். ஒரு வாரம் அணைந்து அணைந்து எழுந்ததிலோ என்னவோ, ஒரு டிஸ்க்கில் பிழை காட்டுகிறது. புதியது வாங்க வேண்டும். இரண்டு அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி, எது எதற்கு என்று அப்பா முழு வாக்கியத்தில் எழுதியிருக்கிறார். நேற்று அவர் 'கோப்பி' என்று எழுதும்போதே அம்மா கலக்கப் போய்விட்டார். வேண்டாம் என்று எழுத வந்தாராம். அடுத்த மாதச் சந்திப்பில் மாற்றமில்லை. பெட்டி ஒரு நல்ல டிஸ்க்கோடு ஓடுகிறது.