காலி இடம் பூஜ்யம்

காலை பத்து நாற்பதுக்குத் திரையில் அந்த அறிவிப்பு வந்தது. ஹார்டு டிஸ்க்கில் இடமில்லை, வேலை நிறுத்தப்பட்டது.

வேலை என் மகளுடையது. கல்லூரியில் கடைசி வருடம். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களைப் பற்றி இருபது நிமிடப் படம் எடுத்திருந்தாள். ஆறு மாத அலைச்சல். அதை ஒரே ஃபைலாக்கி அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போயிருந்தாள்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. கரண்ட் போச்சின்னா மட்டும் பாத்துக்க" என்று சொல்லியிருந்தாள். அதற்காகவே நான் லீவு போட்டிருந்தேன்.

டிஸ்க்கின் மொத்த அளவு நானூற்று அறுபத்தைந்து ஜிபி. காலி இடம் பூஜ்யம் என்று காட்டியது. ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, அளவைக் காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வரவில்லை. மறுபடி கூட்டினேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம்தான். மீதி இருநூற்று எழுபத்தைந்தும் எங்கே போயிற்று?

லாங் பஜார் பக்கம் கடை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டேன். இந்தக் கம்ப்யூட்டரை எங்களுக்குப் பழையதாக விற்றவர் அவர்தான்.

"மறைவா ஏதோ இடத்தப் புடிச்சிக்கினு இருக்கும் சார். கடையில கூட்டம் ஜாஸ்தி, மூணு மணிக்கு வர்றேன். அதுக்குள்ள எதுலயும் கை வைக்காதீங்க. அப்புறம் உங்களுக்கும் பேஜார், எனக்கும் பேஜார்."

மூன்று மணிக்கு வந்து, சரிசெய்து, மறுபடி ஓடவிட்டால் ஐந்துக்குள் முடியுமா? மகளின் போன் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஏதோ பையில் அணைந்து கிடந்தது. என்னால் உட்கார முடியவில்லை.

அவளுடைய ஃபோல்டரைத் திறந்தேன். கட் ஒன்றிலிருந்து கட் ஆறு வரை இருந்தன. கடைசியில் ஃபைனல்.

இருபத்திரண்டு வருடமாக நான் தோல் தொழிற்சாலையில் நிறம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வாங்குபவர் கேட்ட பழுப்பு வரும்வரை துண்டு துண்டாகச் சாயமேற்றி அனுப்பிக்கொண்டே இருப்போம். ஏழாவது துண்டில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், முந்தைய ஆறையும் அன்றைக்கே கத்தரியால் நறுக்கிப் போட்டுவிடுவோம். விட்டுவைத்தால் யாராவது அதைப் பார்த்து ஒரு லாட் முழுவதையும் தப்பான நிறத்தில் போட்டுவிடுவார்கள். ஃபைனல் வந்த பிறகு மற்றவை கிடப்பது எங்களுக்கு ஆபத்து.

ஆறு கட்டுகளையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். ஃபைனல் மிகச் சிறியதாக இருந்ததைக் கவனிக்காமல் இல்லை. நன்றாக வெட்டிச் சுருக்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பது ஜிபி அழித்தும் காலி இடம் பூஜ்யமாகவே நின்றது. போனில் ஒரு வீடியோ தேடிப் பார்த்தேன். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டி வந்தால் உதவட்டும் என்று கம்ப்யூட்டர் தானாகவே நகல்கள் எடுத்து ஒளித்து வைக்குமாம். அவை ஃபோல்டர் கணக்கில் வராது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். அவற்றை நீக்கும் வழியையும் அதிலேயே காட்டினார்கள். அதில் இருந்தபடி ஒரு வரியைத் தட்டினேன். பதினொன்று ஐம்பதுக்குக் காலி இடம் முந்நூற்று ஐம்பத்தைந்து ஜிபி ஆயிற்று. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு ஃபைனலைத் திறந்தேன். வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஃபைல் கிடைக்கவில்லை என்ற வரி.

மறுபடி பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஃபைனல்ல படம் இருக்காது சார். எந்தத் துண்டு எங்க கீதுன்னு குறிப்புதான் இருக்கும். படமெல்லாம் அந்த ஆறுலதான்."

"அழிச்சத எடுக்க முடியாதா பாய்?"

"எடுத்துடலாம், கவலப்படாதீங்க. கம்ப்யூட்டரே மறைவா காப்பி வச்சிருக்கும். அதத் தொடலல்ல?"

காலி இடம் என்று திரை காட்டிய முந்நூற்று ஐம்பத்தைந்தையே பார்த்தேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" அவராகவே புரிந்துகொண்டு, "இன்னா சார் நீங்க" என்றார். "கம்ப்யூட்டர் ஒயரப் புடுங்கி வைங்க, அழிஞ்ச எடத்துல வேற எதுவும் ஏறக் கூடாது. வேற மாதிரி தேடிப் பாக்கறேன். வரும்னு சொல்ல மாட்டேன்."

ஒயரைப் பிடுங்கினேன். கேமரா அவளுடைய சிநேகிதியுடையது. அதன் மெமரி கார்டுகளில் இவள் எடுத்ததை அழித்துவிட்டு, யார் யாருடைய கல்யாணத்தையோ எடுத்து முடித்திருப்பார்கள். அது தெரிந்தும் மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தேடினேன். பழைய சார்ஜர்களும் பேனா மூடிகளும்தான் விழுந்தன. ஐம்பது வயதில் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு அவள் வந்தாள். பரீட்சை சுலபமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவள், கழன்று கிடந்த ஒயரைப் பார்த்து நின்றுவிட்டாள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை.

"ஆறுமா?"

"ஆமாம்மா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இருண்ட திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பஸ்ஸு, கம்பெனி கேட்டு, இதெல்லாம் திரும்ப எடுத்துடுவேன்ப்பா. டயம் கேட்டா காலேஜ் மேடம் கூட குடுப்பாங்க. மூணாவது கட்டுல பேசுவாங்களே ஒரு அக்கா, அவங்க போன மாசமே வேலைய வுட்டு நின்னுட்டாங்க. எந்த ஊருக்குப் போனாங்கன்னு யாருக்கும் தெரில."