நடக்கும் இடம், உட்காரும் இடம்

தென்காசியில் என் சித்தப்பா வீட்டுக் கீழ்த்தளம் ஒரு காலத்தில் உர குடோன். கடைக்காரர் காலி செய்து போன பிறகும் யூரியா வாசம் போகவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த சித்தப்பா அதை வாடகைக்கு விடாமல், போலீஸுக்கும் ராணுவத்துக்கும் பரீட்சை எழுதுகிறவர்கள் வந்து படிக்கட்டும் என்று திறந்துவிட்டார். நாற்காலி, மேசை எதுவும் இல்லை. தரையில் பாய், புத்தகம் வைக்க ஆளுக்கொரு சாய்வுப் பலகை, அவ்வளவுதான்.

என் அக்காவும் அங்கேதான் படித்தாள், எஸ்.ஐ. தேர்வுக்கு. வயது வரம்பு அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. இந்த முறை விட்டால் இனி எழுத முடியாது. வீட்டில் படிக்கவும் வழியில்லை. புத்தகத்தை விரித்தால் அம்மா அதன்மேல் ஒரு மாப்பிள்ளை போட்டோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அப்படிப்பட்டவள், சாரல் தொடங்கிய வாரத்தில் அந்தப் படிப்பு ஹாலுக்குப் போவதைத் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

“எவனாச்சும் எதாச்சும் சொன்னானாக்கா? ஆளக் காட்டு, பொளந்துருதேன்.”

“பொளக்கது இருக்கட்டும், மொதல்ல ஒனக்கு ஒரு வேலையத் தேடுலே. எவனும் ஒண்ணும் சொல்லல. நடக்கானுவ. அவ்வளவுதான்.”

நடந்தால் என்ன? எனக்குப் புரியவில்லை. நான் இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம் அது. நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் காலையில் ஹாலுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன்.

பையன்கள் வந்த வேகத்தில் காற்று வரும் வாசல் பக்கம் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண்கள் உள்ளே போய் பின்சுவரை ஒட்டி உட்காருகிறார்கள். யாரும் சொல்லவில்லை, கல்யாண மண்டபத்திலிருந்து சாவு வீடு வரை எல்லா இடத்திலும் அப்படித்தானே உட்காருகிறோம். ஆனால் தண்ணீர் டிரம், கழிப்பறை, போனுக்குச் சார்ஜ் போடும் பிளக் எல்லாமே அந்தப் பின்சுவரில்தான். தாகமெடுத்த ஒவ்வொருத்தனும் பெண்களின் நடுவே புகுந்துதான் போக வேண்டும். பாதிப் பேர் விடியற்காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வருகிறவர்கள் வேறு. “கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா”, “ஒரு நிமிசம்”, காதுக்குப் பக்கத்தில் ஒரு ஈரக் குதிகால்.

தரையில் உட்கார்ந்திருப்பவளின் முகத்துக்கு நேராக நடப்பவனின் முழங்கால் வருகிறது. கல்லூரியில் நாங்கள் போட்ட பிளான் எல்லாவற்றிலும் சோபா உண்டு, நாற்காலி உண்டு. தரையில் உட்கார்ந்திருக்கும் மனுசியை ஒருத்தரும் வரைந்ததில்லை. நானும்தான்.

குடோனின் வெடித்த சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போடச் சித்தப்பா யோசித்துக்கொண்டிருந்தார். நான் உடனே லேப்டாப்போடு போய் நின்றேன். நடுவில் ஒரு குட்டைச் சுவர் எழுப்பலாம் என்றேன். “வெளிச்சம் போயிரும்லே. இது என்ன மாட்டுத் தொழுவமா, தடுப்பு அடிக்கதுக்கு?” என்றார். திரை போடலாமா என்றேன். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். “ஏண்ணே, எங்களுக்கு என்ன பிரசவமா பாக்கப் போறிய?”

சரி, தரையை வைத்தே வேலையை முடிப்போம் என்று முடிவு செய்தேன். பெண்கள் உட்காரும் இடம் மட்டும் பெரிய சதுரமாக, அரக்கும் வெண்மையும் கலந்த பூ டைல்ஸ். அதைச் சுற்றிக் கறுப்பு கிரானைட்டில் ஒரு பட்டை. மற்ற இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறம். பட்டையைப் பார்த்ததும் பையன்கள் தானாக விலகிப் போவார்கள் என்பது என் கணக்கு. ஸ்கிரீனில் பார்த்தால் சும்மா தகதகவென்று இருந்தது.

திறப்பு அன்று தெருவிலிருந்து நாலு பெரியவர்களைச் சித்தப்பா கூப்பிட்டிருந்தார். மரக்கடை அண்ணாச்சி உள்ளே வந்தார், பூ டைல்ஸைப் பார்த்தார், நேராக அங்கே நடந்தார். கறுப்புப் பட்டைக்கு வெளியே நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“மணவறை மாதிரில்லா இருக்கு! நாற்காலியத் தூக்கி இங்கன போடுங்கடே.”

மாடியிலிருந்து நாற்காலிகள் வந்தன. பெரியவர்கள் பூவின் மேல் உட்கார்ந்தார்கள். மாலை, சால்வை, பேச்சு எல்லாம் அங்கேதான். பெண்கள் கழிப்பறைக் கதவோரமாக நின்று கைதட்டினார்கள்.

அதோடு போகவில்லை. அப்புறம் வகுப்பெடுக்க யார் வந்தாலும் அவருக்கு அந்த இடம்தான். யாரும் வராத ஒரு நாளில் இரண்டு பெண்கள் அங்கே பாயை விரித்தார்கள். வாசல் பக்கமிருந்து ஒரு குரல், “பொண்ணு வந்தாச்சு, மாப்ள எங்கலே?” ஹாலே சிரித்தது. அந்தப் பெண்களும் சிரித்தார்கள். மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு சாம்பல் தரைக்குப் போய்விட்டார்கள். பையன்கள் பூவை மிதிக்காமல் சுற்றி நடந்தார்கள், மறுபடியும் அந்தப் பெண்களின் நடுவே.

அக்கா ஒரே ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களத் தூக்கி ஒரு எடத்துல வச்சி, சுத்திக் கோடு போட்டு, எல்லாரும் பாருங்கன்னு காட்டுத. இதுக்கு அந்த யூரியாத் தரையே தேவலலே.”

“அழகா இருக்கட்டும்னுதாங்க்கா...”

“அழக நீயே வச்சுக்கோ. எங்கன உக்காரணும்னு எனக்குத் தெரியும். எங்கன நடக்கணும்னு அவனுவளுக்குச் சொல்லு.”

நாலு வருசப் படிப்பில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் கோபத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். குளிக்கத் தோன்றவில்லை. அருவிக்குப் போகிற கூட்டத்தின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பில்லாத கால்கள் எல்லாம் சொரசொரப்பான கல்லைத் தேடித் தேடி நடந்தன. பாசி மின்னும் இடத்தைத் தொடவே இல்லை. யாரும் கீழே குனிந்து பார்க்கவில்லை. பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே போனார்கள். அந்தச் சொரசொரப்பில் யாரும் உட்காரவும் இல்லை, குத்தும். கண்ணுக்குக் கோடு போட்டால் கண் அதை ரசிக்கும், அண்ணாச்சி நாற்காலி கேட்பார். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற நமக்குச் சொல்ல வேண்டியதைப் பாதத்திடம்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவிடம் போனேன்.

“ஒடச்சி எடுக்கவா? இப்பதாம்லே ஒட்டுனோம்!”

“ஈரக்காலோட ஒருத்தன் வழுக்கி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டான்னா, ஓட்டத்தேர்வுக்கு அவன் எப்படி ஓடுவான் சித்தப்பா?”

பட்டாளத்துக்காரர். அடுத்த நாளே உளியோடு ஆள் வந்துவிட்டது.

பூ போனது, பட்டை போனது. வாசலிலிருந்து இடதுசுவரை ஒட்டி டிரம், கழிப்பறை வரைக்கும் மெருகேற்றாத, சொரசொரப்பான கடப்பா கல். எதிரெதிரே இரண்டு பேர் உரசாமல் போகிற அகலம். பிளக்கையும் அந்தச் சுவருக்கே மாற்றினோம். மீதி ஹால் முழுக்க ஒரே வழவழப்பான சாம்பல் டைல்ஸ். யாருக்கு எந்த இடம் என்று தரை எதையும் சொல்லவில்லை.

நாங்களும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் பையன்கள் ஈரக்காலோடு வந்தார்கள், கல்லில் ஏறினார்கள், கல்லிலேயே போனார்கள், கல்லிலேயே திரும்பினார்கள். ஒருத்தன் மட்டும் குறுக்கே புகுந்தான். வழவழப்பில் கால் தயங்க, “சை” என்று கல்லுக்கே திரும்பிவிட்டான். பெண்களில் இரண்டு பேர் ஜன்னலோரம் நகர்ந்தார்கள். ஒருத்தி வாசல் காற்றுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தனும் கமெண்ட் அடிக்கவில்லை. அடிக்க அங்கே என்ன இருக்கிறது?

அக்காவை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள். யார் போய்ச் சொன்னார்களோ, ஒரு திங்கட்கிழமை அவளே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று மதியம் சும்மா பார்க்கிற மாதிரி ஹாலுக்குப் போனேன். வெளியே தூறல். ஹாலின் நடுவில், பலகைமேல் கன்னத்தை வைத்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் கண்ணை மூடாதவள். ஒருத்தன் பாட்டிலோடு கல்லில் போனான், தண்ணீர் பிடித்தான், வந்தான். அவள் அசையவில்லை.

என் பின்னால் சித்தப்பா வந்து நின்றார்.

“எழுப்பவாலே? பரீட்சை வருதே.”

“வேண்டாம் சித்தப்பா. முழிச்சதும் படிப்பா.”