கெளுத்தி முள்

கோவில்பட்டி சந்தைக்கு வரும் கடல் கெளுத்திக்கு முள் இருக்காது. முதுகில் ஒன்று, பக்கச் செட்டைகளில் இரண்டு என்று பிடிபடும்போது அதற்கு மூன்று முட்கள் உண்டு. கரையிலேயே ஒடித்துவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறார்கள். மொட்டை மீனையே குழம்பு வைத்துப் பழகிய எனக்கு இது போன ஆடி வரைக்கும் தெரியாது.

என் மகள் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறாள். வலையில் வந்த ஆண் கெளுத்தியின் வாயைத் திறந்து பார்க்கப் போனபோது அது துள்ளி, செட்டை முள் அவள் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. கரிசல் காட்டுப் பிள்ளை. முள் குத்தினால் யோசிக்காமல் வெடுக்கென்று பிடுங்கிப் போட்டுவிட்டு நடக்கிறவள். இதையும் அப்படியே பிடுங்கினாள். வேலிக்கருவை முள் வந்துவிடும். கெளுத்தி முள்ளில் ரம்பம்போல் பின்னோக்கிய பற்கள், கூடவே விஷம். சதையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அம்மா போன பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தது அன்றுதான்.

தையல் பிரித்ததும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான்தான் சோறு ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன். கோணல் வகிடு என்று கிண்டல் செய்வாள். வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. இங்கேயே ஏதாவது காலேஜில் சேர்ந்துவிடு என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் விரலை மடக்கிப் பழகிக்கொண்டிருப்பாள். விரல் மெல்ல மடங்கத் தொடங்கியது. பேனா பிடித்த அன்று பையை எடுத்து வைத்தாள்.

"திரும்ப அந்த மீனையா தொடப்போற?"

"ஆமாப்பா. இப்பதான் எங்கன பிடிக்கணும்னு தெரியுதே."

அப்படி அதன் வாய்க்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். முட்டை என்றாள். கோலிக்குண்டு பருமனில் இருக்குமாம். தாய் இட்டதும் தகப்பன் வாயில் வாங்கிக்கொள்ளும். குஞ்சு பொரித்து, வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கரு தீரும்வரை இரை எடுக்காமல் சுமக்கும். பிறகு வெளியே விட்டுவிடும்.

"விட்ட பொறவு?"

"பொறவு அது சாப்பிடப் போயிரும்ப்பா," என்று சிரித்தாள்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். காலையில் அவள் வைத்த ரசம் இருந்தது. சூடாக்கத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் போன் செய்யும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.