இரண்டாவது றிமோட்

எனக்கு விமானம் செய்யத் தெரியும், ஓட்டத் தெரியாது. நாவற்குடாவில் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். அளந்து வெட்டுவது என் தொழில். கல்லடிக் கடற்கரையில் மீன்காரர்கள் எறிந்துவிடும் பாரமில்லாத வெள்ளை றிஜிபோம் பெட்டிகளைப் பொறுக்கி வந்து கழுவி, சூடாக்கிய கம்பியால் சீவி, ஆள் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு இறக்கை செய்வேன். எத்தனை தரம் கழுவினாலும் மீன் வாடை முழுதாகப் போகாது. மோட்டரும் பற்றரியும் றிமோட்டும் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும். எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருக்கும். ஆனால் விமானம் எழும்பியதும் எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். அது வலப்பக்கம் சரிந்தால் இடப்பக்கம் இழுப்பேன். தேவைக்கு மேல் இழுப்பேன். அதைத் திருத்த இன்னும் இழுப்பேன். நான்கு விமானங்கள் செய்து நான்கையும் நானே நிலத்தில் குத்தி நொறுக்கினேன்.

அந்த வருடம் எனக்கு டெங்கு வந்தது. நாள்தோறும் இரத்தம் சோதிக்க வேண்டியிருந்தது. நகரத்தில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பவராக இருந்தவரை அப்போதுதான் கண்டேன்; பிறகு அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கினேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கல்லடியில் வீடு. மெதடிஸ்த கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர் குத்தினால் ஊசி ஏறியதே தெரியாது என்று ஊரில் பெயர். கைக்குழந்தையோடு வருகிற தாய்மார் வேறு ஆளிடம் போகாமல் அவருக்காகக் காத்திருப்பார்கள். மூன்றாம் நாள், என் நரம்பு அகப்படாமல் கையைத் தடவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"என்ன தொழில் தம்பி?"

"அலுமினிய வேலை. மிச்ச நேரத்தில பிளேன் செய்யிறன்."

"பிளேனா? பறக்குமா?"

"பறக்கும். மறுகா விழும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குள் ஊசி ஏறி, இரத்தம் எடுத்து, பஞ்சையும் வைத்துவிட்டார்.

காய்ச்சல் மாறியதும் ஐந்தாவது விமானத்தை முடித்து அவரைக் கூட்டிப்போனேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், எனக்குத் தெரிந்த ஒருவரின் வயல் வெட்டு முடிந்து காய்ந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வயல் வட்டை. நான் விமானத்தைக் கையால் எறிந்தேன். அவர் றிமோட்டைப் பிடித்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறை. விமானம் கொஞ்சம் அசைந்தது, அவர் பெருவிரல்கள் அசைந்தது கண்ணுக்கே தெரியவில்லை, அது நேரானது. ஒரு பெரிய வட்டம் அடித்து எங்கள் தலைக்கு மேல் வந்தது. நான் செய்த ஒரு பொருள் முதல்முறையாக வானத்தில் ஒழுங்காக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவர் பார்க்கவில்லை. அவர் விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே ஏழு வருடம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில் என்பதால் எங்களுக்குச் சனிக்கிழமை. கச்சான் காற்று எழும்ப முன்னர், விடிந்த கையோடு போய்விடுவோம். நடுவில் சில காலம் பறக்கிற எதற்கும் தடை என்றார்கள்; பிறகு அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள்; பிறகு பொருட்கள் நாட்டுக்குள் வரவே இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். விமானத்தை மல்லாத்தி ஓட்டுவார். செம்பருந்து ஒன்று பின்னால் துரத்திக்கொண்டு வர, அதோடு ஓடிப் பிடித்து விளையாடுவார். ஏழு வருடத்தில் அவர் விழுத்தியது ஒன்றே ஒன்று, அதுவும் பற்றரி பழுதானதால்.

ஒரு சனிக்கிழமை விமானம் இறங்கும்போது தத்தளித்தது. இறக்கை நிலத்தில் உரசி ஓரம் பிய்ந்தது.

"சேவோ பழுது போல தம்பி. தன்பாட்டில ஆடுது" என்றார்.

சேவோ என்பது இறக்கையின் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டர். கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் புதிதாக இரண்டு மாற்றினேன். அடுத்த கிழமையும் தத்தளித்தது. அன்றுதான் நான் விமானத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். வலது பெருவிரல், தானியத்தை உருட்டுவதுபோலத் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

 "ஓம் அண்ணன், சேவோதான்" என்றேன். அதுதான் நான் அவருக்குச் சொன்ன முதல் பொய்.

நான்கு மாதம் கழித்து நரம்பு வைத்தியர் அது நடுக்குவாதம் என்றார். பரிசோதனை நிலையத்தில் அவரை இரத்தம் எடுக்கும் அறையிலிருந்து முன்கவுண்டருக்கு மாற்றினார்கள். வருகிறவர்களின் பெயரைப் பதிவது, சீட்டுத் துண்டு கொடுப்பது. அவரைத் தேடி வந்த தாய்மாரை அவரே உள்ளே வேறு ஆளிடம் அனுப்ப வேண்டியிருந்தது. பாடகர் குழுவிலிருந்து தானாக விலகினார்; பாட்டுப் புத்தகம் கையில் நிற்கவில்லை.

"இது மட்டுந்தான் எனக்கு இனி இரிக்கு தம்பி" என்று வயலில் றிமோட்டைக் காட்டிச் சொன்னார். அன்றே ஒரு விமானத்தை வரம்பில் குத்தினார். இரண்டு கிழமையில் இன்னொன்று வாவிக்குள் போனது. தோணிக்காரர் ஒருவர் எடுத்துத் தந்தார். அண்ணன் அந்த நனைந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் வெகு நேரம் இருந்தார். வெயில் ஏறியும் எழும்பவில்லை.

அதன் பிறகுதான் அவருடைய மனைவி என் கடைக்கு வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, மனுசன் ராவு பகலா சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கார். சாப்பிடுறாரில்ல. என்னெண்டாலும் செய்து அவரைப் பறக்கவிட வைங்க. அது நிண்டா இவரும் நிண்டுடுவார்."

"கை ஏலாதே அக்கா."

"உங்களுக்குத்தானே அதெல்லாம் தெரியும்" என்றார். என்னிடம் ஏதோ மருந்து இருப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழகுபவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு றிமோட். பழகுகிறவரின் றிமோட் ஆசிரியரின் றிமோட்டோடு பேசும். ஆசிரியரின் றிமோட்தான் விமானத்தோடு பேசும். ஆசிரியர் ஒரு சுவிட்சைத் தட்டினால் விமானம் அவர் கைக்கு வந்துவிடும். கம்பி இல்லாமலே வேலை செய்யும் ஒன்றை வாங்கினேன்; அக்காவுக்கு மட்டும் சொன்னேன். ஆனால் அதற்கு நான் ஓட்டப் பழக வேண்டும். மூன்று மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கொம்பியூட்டரில் பழகினேன். விடிய வயலுக்குத் தனியாகப் போய்ப் பழகினேன். வேறு யாருக்காகவோ என்றபோது என் நெஞ்சு படபடக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவரிடம், புது விமானத்தின் பற்றரி அளவு என் றிமோட்டில்தான் தெரியும், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். என் இரண்டு கையும் றிமோட்டில் இருக்க வேண்டும் என்பதால், தோள் நோகிறது, எறிய ஏலாது என்று சொல்லி விமானத்துக்குச் சில்லுப் பூட்டினேன். வாய்க்கால் ஓரத்து மண் பாதையில் ஓடி எழும்பியது. மேலே உயரத்தில் அவரையே ஓட்டவிட்டேன். ஆட்டம் கூடினால் சுவிட்சைத் தட்டி, நேராக்கி, திரும்பக் கொடுத்தேன். இறக்குவது முழுக்க நான்.

முதல் நாள் விமானம் பூப்போல இறங்கியது. அவர் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா தம்பி! மருந்து வேலை செய்யுது!"

ஓம் என்று தலையாட்டினேன். பின்னேரம் அக்கா போன் எடுத்து அழுதார். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாராம். நான் ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்டவன்போல அன்று நித்திரை கொண்டேன்.

ஆறு சனிக்கிழமை. ஒவ்வொரு கிழமையும் அவருக்குத் தைரியம் கூடியது. தாழப் பறப்பார், நான் பிடிப்பேன். மல்லாத்துவார், நான் நிமிர்த்துவேன். றோட்டில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் அவருடைய ஆடும் கையைப் பார்ப்பதை நான் பார்த்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

ஆறாம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில் அவர் நிலையத்தின் முதலாளியிடம் போனாராம். இந்தக் கையால் பிளேன் இறக்குகிறேன், ஒரு ஊசி போட ஏலாதா என்று கேட்டாராம். பழைய ஆள் என்ற மரியாதையில் முதலாளியும் ஒருமுறை பாருங்கள் என்று விட்டுவிட்டார். சீனி வருத்தத்துக்குச் சோதிக்க வந்த ஒரு கிழவி, அவரை நம்பிக் கையை நீட்டியிருக்கிறார். மூன்று தரம் குத்தியும் நரம்பு அகப்படவில்லை. நாலாம் தரம் ஊசி உள்ளே இருக்கும்போது கை ஆடி, நரம்பு கிழிந்து, முழங்கை மடிப்பு முழுக்க இரத்தம் கட்டிக் கறுத்துப்போனது. மகன்காரன் கவுண்டரில் நின்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். கிழவி மட்டும், "விடு மனே, அந்த மனுசன் என்ன செய்யும்" என்றாராம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார்.  கச்சான் அன்று நேரத்தோடு எழும்பிவிட்டது. புழுதி பறந்தது.

"இண்டைக்கு வேணாம் அண்ணன், காத்து" என்றேன்.

"பரவாயில்ல. ஏத்துங்க."

ஏறியது. இரண்டு வட்டம் அடித்தார். பிறகு, "இறக்குறன்" என்றார். நான் சுவிட்சைத் தட்டினேன். பக்கவாட்டில் காற்று தள்ளியது. இறக்கையைக் காற்றுக்குள் சரித்து, மூக்கைக் கொஞ்சம் திருப்பி, வேகத்தைக் குறைத்து, சில்லு தொடும் கணத்தில் நேராக்கினேன். என் ஆயுளில் நான் செய்த மிக நல்ல இறக்கம் அது. புழுதிகூட எழும்பவில்லை. சந்தோசத்தில், "நல்லா இறக்கிட்டீங்க அண்ணன்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

அவருடைய றிமோட் கழுத்துப் பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் பக்கத்தில் விரித்துப் பிடித்திருந்தார். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. றிமோட்டிலிருந்து கையை எப்போது எடுத்தாரோ, தெரியாது. நான் விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினை கிழமையா?" என்று கேட்டார்.

"அண்ணன்..."

"எத்தினை கிழமை?"

"முதல் நாளில இருந்து."

"வீட்டில அவவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரியும் என்று விளங்கிக்கொண்டார்.

சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. "அந்த மனுசிட கையைப் பிடிக்கக்குள்ள, நான் என்னை நம்பித்தான் பிடிச்சன்" என்று மட்டும் சொன்னார். பட்டியைக் கழற்றி றிமோட்டைப் புல்லில் வைக்கப் பார்த்தார். அது கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். "விடுங்க" என்றார். மோட்டர் சைக்கிளில் நான்தான் அவரைக் கூட்டி வந்திருந்தேன். ஏற மறுத்து, பிரதான றோட்டுவரை வெயிலில் நடந்தார். நான் மோட்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். பஸ் வந்தது. ஏறும்போது கம்பியைப் பிடிக்க அவருக்கு இரண்டு தரம் தவறியது. கொண்டக்டர் கைகொடுத்து ஏற்றினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே வேலையை விட்டார். நான் மூன்று தரம் வீட்டுக்குப் போனேன். மூன்று தரமும் அக்கா படலையில் நின்று, நித்திரை கொள்கிறார் என்றார். நாலாம் தரம் அக்காவும் வரவில்லை. உள்ளே றேடியோ கேட்டது. அக்காவோடு அவர் இரண்டு மாதம் பேசவில்லை என்று பிறகு அறிந்தேன். முப்பது வருடம் வாழ்ந்த மனுசியோடு. அந்த வீட்டுக்குள் அந்த மௌனத்தைக் கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

ஒன்றரை வருடம் கழித்து, போன மாசம், அக்கா வரச் சொன்னார். அவர் சாய்கதிரையில் இருந்தார். முகம் அசைவில்லாமல் பலகைபோல ஆகியிருந்தது. கோபமா, இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அக்கா தேத்தண்ணியை உறிஞ்சுகுழாயோடு கொண்டுவந்து பிடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் செய்தது பிழை அண்ணன்" என்றேன். வழி முழுக்க வேறு என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

அவர் வாயசைத்தார். குரல் மெலிந்து போயிருந்தது. கிட்டக் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"இப்ப நல்லா ஓட்டுறீங்களா?"

"இல்ல அண்ணன். அண்டைக்குப் பிறகு நான் தொடவே இல்ல."

அது உண்மை. அந்த வயலுக்கு நான் திரும்பப் போகவில்லை. கடையில் இருந்த றிஜிபோம் எல்லாவற்றையும் குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டுந்தான் அந்த முகத்தில் இன்னும் பழைய ஆள்.

"பொய் சொல்றீங்க" என்றார்.

"இல்ல அண்ணன். சத்தியமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வந்து, களைத்துப்போனார், இனிப் படுக்க விடுவோம் என்றார். நான் எழும்பினேன். வெளியே வந்து ஹெல்மெட்டைப் போடும்போது அதன் பூட்டைக் கொளுவ எனக்கு வெகு நேரம் பிடித்தது. அக்கா படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.