இடது கன்னத்துப் பொட்டு

காலை பதினொன்றே காலுக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் என் மாமா. மகாபலிபுரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் கடற்கரைக் கோயில் முன் நிறுத்திப் படம் எடுப்பது அவர் தொழில். பதினொன்றே காலைத் தாண்டினால் வெயில் முகத்தைத் தின்றுவிடும் என்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி எங்களை விரட்டினார். அந்த அவசரத்தில் அம்மா சாந்துக் கொட்டாங்குச்சியை என்னிடம் நீட்டினாள்.

"நல்லா அழுத்தி வையி. கடக்கரைல கண்டவன் கண்ணும் படும்."

ஜவ்வரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சிய சாந்து. எனக்கு எட்டு வயது. விரலில் தண்ணீர் தொட்டுக் குழைத்து, பாப்பாவின் இடது கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். மாமா படம் எடுத்தார்.

பாப்பா எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. செங்கல்பட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் அம்மா ஆயாவாக இருந்தாள். நோஞ்சானாக இருந்த அந்த ஏழு மாதக் குழந்தையைத் தேறும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி வார்டன் அம்மா மார்கழியில் கொடுத்திருந்தார். ஸ்வீடனில் ஒரு கணவனும் மனைவியும் அவளைத் தத்தெடுக்கக் காத்திருந்தார்கள். மாமா எடுத்த படத்தில் ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று கோர்ட்டுக்கு.

போன வாரம் என் மகளைப் பொத்தேரியில் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். மின்சார ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனாலும் திரும்பும்போது பழக்கத்தில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். கடல் தாண்டிப் போகப்போகும் பிள்ளைக்குச் சோறூட்டிய அம்மாவை அதனால்தான் இப்போது நினைக்கிறேன்.

அப்பா கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர். பாப்பா வந்த அன்றே ஒரு சட்டம் போட்டார்: "யாரும் ஒட்டாதீங்க. போவப் போற புள்ள." சொன்னபடியே பாப்பாவை அவர் ஒரு நாளும் தூக்கவில்லை, முகத்தை நேராகப் பார்க்கவும் மாட்டார். இரவு அவர் வீடு திரும்பும்போது பாப்பா தூங்கியிருக்கும். ஆனால் கோர்ட்டுக்கான மனுவை டைப் அடிக்கும் வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. குழந்தையின் அடையாளம் என்ற இடம் வந்ததும் படத்தை எடுத்துப் பார்த்து, இடது கன்னத்தில் பெரிய கரிய மச்சம் என்று ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் அடித்துவிட்டார்.

சித்திரையில் மனு விசாரணைக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த சான்றிதழில் குழந்தைக்கு மச்சமே இல்லை என்றிருந்தது. மனுவில் இருப்பது எந்தக் குழந்தை, டாக்டர் பார்த்தது எந்தக் குழந்தை என்று ஜட்ஜ் கேட்டார். வக்கீல் இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோடை விடுமுறை முடிந்ததும் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"நாலு மாசமா ஒரே வூட்ல கீற. பொட்டு எது, மச்சம் எதுன்னு தெரியாத ஆம்பளயா நீ?"

"தெனம் அதே எடத்துல கீதே! மச்சம்தானே எடம் மாறாது?"

"அது என் பொண்ணு கைவாகு!"

நடுவில் வந்து மாட்டிக்கொண்ட மாமா தன் தொழிலைக் காப்பாற்றப் பார்த்தார். "மச்சான், போட்டோல குத்தம் சொல்லாத. எவ்ளோ ஷார்ப்பா வுழுந்துகீது பாரு."

சிரிப்பு நின்றது வார்டன் அம்மா வந்து சொன்னபோது. ஸ்வீடன் அரசாங்கம் கொடுத்த அனுமதி ஜூன் மாதக் கடைசி வரைதான். அதற்குள் உத்தரவு வராவிட்டால் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை பாப்பாவுக்காகக் காத்திருப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. மனுவின் நகல் வேறு முன்பே அவர்களுக்குத் தபாலில் போய்விட்டது.

எனக்கு மட்டும் அந்தச் செய்தி இனித்தது. பாப்பா இன்னும் இரண்டு மாதம் என்னோடுதான். அந்த வெயிலில்தான் அவள் நடக்கப் பழகினாள். அப்பா வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டைப் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அப்பாவின் முழங்காலை நோக்கி நாலு எட்டு வைத்து விழுந்தாள். அப்பா போட்ட சட்டம் அன்றோடு செத்தது. மறுநாள் முதல் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

உத்தரவுக்காக அம்மா திருக்கழுக்குன்றத்துக்கு வேண்டிக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே படி ஏறினாள். ஜட்ஜ் இந்தக் கேஸையே மறந்துபோக வேண்டும் என்று அவள் பக்கத்தில் நின்று நான் வேண்டிக்கொண்டேன். உச்சி வேளைக்கு வழக்கமாக வரும் இரண்டு கழுகுகளில் அன்று ஒன்றுதான் வந்தது. யாருடைய வேண்டுதலுக்காக வந்தது என்று தெரியாமல் இருவருமே குழம்பினோம்.

ஜூன் மூன்றாம் வாரம் குழந்தையோடு வரச் சொல்லி ஜட்ஜ் ஆள் அனுப்பினார். அம்மா வேண்டுமென்றே பொட்டோடு பாப்பாவைத் தூக்கிப் போனாள். ஜட்ஜ் முன்னால் நின்று முந்தானையை ஈரப்படுத்தி ஒரே துடைப்பு துடைத்து, "இதான் சாமி அந்த மச்சம்" என்று துணியைக் காட்டினாள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எங்க வீட்லயும் ஒரு பேரன் இதே மச்சத்தோட இருக்கான்மா" என்றவர், அன்றே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்வீடனிலிருந்து அவர்கள் வந்தார்கள். முதல் நாள் மகாபலிபுரத்தில் தங்கியவர்களை மாமாதான் டாக்ஸியில் அழைத்து வந்தார். காலையிலேயே அம்மா பாப்பாவின் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். பொட்டினால் பட்ட பாடு போதும் என்று. ஆனால் உள்ளூர ஒரு பயம். "படத்துல கீற புள்ள இது இல்லன்னு சொல்லிட்டா?" என்று அப்பாவிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

கார் நிற்பதற்குள் முன் சீட்டிலிருந்து மாமா குதித்தார். "அக்கா! வந்து பாரேன் இந்தக் கூத்த!"

நெட்டையாக ஒருவர் இறங்கினார். அவர் இடது கன்னத்தில் ஒரு கரும்பொட்டு. பின்னால் இறங்கிய பெண்மணிக்கும் அதே கன்னத்தில், அதே அளவில். கடைசியாக அவர்கள் மகள், என் வயதில் ஒரு சிறுமி. அவளுடையது பேனா மையில் போட்டது, வியர்வையில் கரைந்து கழுத்து வரை இறங்கியிருந்தது. தெருவே கூடிவிட்டது.

"வெள்ளக்காரங்களுக்கும் திருஷ்டி உண்டா இன்னா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிறுமி நேராகப் பாப்பாவிடம் வந்தாள். இடது கன்னத்தைப் பார்த்தாள். முகத்தை மெல்லத் திருப்பி வலது கன்னத்தையும் பார்த்தாள். பிறகு தன் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அந்த அம்மா பாப்பாவின் வெறும் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே அழத் தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு, எங்களோடு காத்திருந்த வார்டன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆங்கிலம் தெரிந்த அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டு இல்லையே என்றுதான் எல்லோரும் அழுகிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஓடிக் கொட்டாங்குச்சியை எடுத்து வந்து, பழகிய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு அழுத்தி வைத்தேன். அந்தச் சிறுமி கைதட்டிக் குதித்தாள். இதற்கு ஏன் அம்மா என்னை அப்படி இறுக்கி அணைத்துக்கொண்டாள் என்பதும் எனக்குப் புரியவில்லை. எந்தக் காலத்திலும் அழியாத மச்சம் என்று நம்பித்தான் அவர்கள் நாலு மாதமும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கேள்விகூடக் கேட்காமல் புறப்பட்டு வந்திருக்கிறார்கள் என்பது, நான் ஒரு பெண்ணைப் பெற்ற பிறகுதான் உறைத்தது. அன்று, வார்டன் அம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னதை ஏதோ சாதாரண விஷயம்போலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"இவங்க பொண்ணு வச்ச பொட்டுதானாம் மூணும். 'பாப்பாவுக்கு மட்டும் இருந்தா, எங்க வீட்ல அவ ஒருத்தி தனியாத் தெரிவா. அதான் நாங்களும் வச்சிக்கிட்டு வந்தோம்'னு சொல்லுது."